படகு விசிறிக்குப் பூ கட்டினோம்

என் வீட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. எங்கள் மகள் பட்டுவுக்குத் தெரிய வழியே இல்லை. இப்படிப்பட்ட குடும்பம் ஒரு மோட்டார் போட் வாங்கியது என்றால் கேட்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள். முடிச்சூரில் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, பயம்தான் வந்தது.

அவர் பெயர் ஏகநாதன். தொண்ணூற்று மூன்றில் எங்கள் இரண்டு ஏக்கர் நஞ்சையை மனை போடுகிறவர்களுக்கு விற்றோம். அவர்கள் கல் நட்டு, கொடி கட்டி, ஏதோ ஒரு நகர் என்று பலகையும் வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு இவருக்குச் செய்ய வேலை இல்லை. பழக்கதோஷம், விடியற்காலை நாலு மணிக்கே எழுந்துவிடுவார். எழுந்து என்ன செய்வது? மண்வெட்டி பிடித்த கையை இடுப்பில் வைப்பார், எடுப்பார், வாசலில் போய் நிற்பார். தாம்பரத்தில் ஒரு கடை போடுங்களேன் என்றேன், உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்க முடியாது என்றார். லாரி வாங்கி விடுங்கள் மாமா என்று என் தம்பி சொன்னான், டிரைவர்களோடு யார் மல்லுக்கட்டுவது என்றார். இரண்டு வருடம் இப்படியே ஓடியது. ஒரு நாள் சப்-ரிஜிஸ்திரார் ஆபீஸில் அடையாறு பெரிய மனிதர் ஒருவரைச் சந்தித்திருக்கிறார். அவர் அமெரிக்காவில் இருக்கும் மகளிடம் போகப் போகிறாராம், போட்டை விற்க வேண்டுமாம். இவர் போய்ப் பார்த்தார், வாங்கிக்கொண்டே வந்துவிட்டார்.

வெள்ளை ஃபைபர் போட், ஐந்து பேர் உட்காரலாம். கார் மாதிரி ஸ்டீயரிங், பக்கத்தில் ஒரு கைப்பிடி. கைப்பிடியை முன்னால் தள்ளத் தள்ள வேகம். பின்னால் நாற்பது குதிரைச் சக்தி இன்ஜின் தொங்கும். அதன் அடியில், தண்ணீருக்குள் சுற்றுகிறதே, அதற்கு ப்ரொப்பல்லர் என்று பெயர். நான் விசிறி என்றுதான் சொல்வேன். முட்டுக்காட்டு உப்பங்கழி ஓரம் ஒரு தென்னந்தோப்பில் போட்டைக் கட்டி வைத்து, தோப்புக் காவல்காரர் துரைராஜைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் அவர் மேல் நான் பழி போடுகிற மாதிரி ஆகிவிடும். அந்த ஸ்டீயரிங்கில் கை வைத்த நாளிலிருந்து மனிதருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது. வாய் ஓயாமல் பேசினார். சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டார். வாசலில் போய் நிற்பது நின்றுபோயிற்று. அதனால்தான் என் பயத்தை உள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டேன்.

ஆனி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூட்டு உடைந்தது. மீன்காரர்கள் வலை கட்ட நட்டிருந்த கம்பம் ஒன்று தண்ணீருக்குள் மறைந்திருந்தது. இவர் முழு வேகத்தில் அதன் மேல் ஏற்றிவிட்டார். விசிறியின் மூன்று இலையில் இரண்டு ஒடிந்தன. போட் குலுங்கியதில் பட்டு முன்னால் போய் விழுந்து முகவாய் கிழிந்தது. பத்து வயதுப் பெண்ணுக்கு மூன்று தையல். நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து கண்ணை மூடினால் போட் கவிழும், பட்டுவின் ரிப்பன் மட்டும் தண்ணீர் மேல் மிதக்கும். அவர் கவலையெல்லாம் வேறு விசிறி எங்கே கிடைக்கும் என்பதுதான்.

பம்மலில் முனீர் பாய் பட்டறை வைத்திருந்தார். தோல் பதனிடுகிற ஷெட்டுகளின் மிஷின்களைப் பழுது பார்ப்பதுதான் அவருக்குப் பிரதானம். போட் சாமான்களும் அவ்வப்போது அவரிடம் வரும் என்று யாரோ சொல்ல, ஆவணி கடைசியில் என்னையும் ஏற்றிக்கொண்டு வேனில் போனார். தெருவில் இறங்கியதும் தோல் நாற்றம் முகத்தில் அடித்தது. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓரமாக நின்றேன்.

"அக்கா, நீங்களும் வந்து பாத்துக்குங்க" என்று முனீர் பாய் கூப்பிட்டார். சிமெண்டுத் தரையில் சாக்கு விரித்து இரண்டு விசிறிகளை வைத்திருந்தார்.

"இது பித்தளை, மீன்புடிக்கிற போட்டுது. வலு கீது, ஆனா உங்க இன்ஜினுக்கு வெயிட்டு ஜாஸ்தி. இத்த வுட்டுடுங்க. இது அலுமினியம், உங்க சைஸே. பதினோரு இன்ச்சு அகலம், பதிமூணு இன்ச்சு ஏத்தம்."

"ஏத்தம்னா இன்னா பாய்?" என்றார் இவர்.

"ஸ்க்ரூ மரத்துல எறங்குதுல்ல, அந்த மாதிரிண்ணா. ஒரு தபா சுத்தினா பதிமூணு இன்ச்சு முன்னாடி போவும்னு கணக்கு. எலையெல்லாம் நல்லாதான் கீது. ஆனா நடுவுல பாருங்க."

நடுவில் ஒரு குழல் இருந்தது. குழலுக்குள் கறுப்பாக ரப்பர்.

"இந்த ரப்பர்தான் இன்ஜின் ராடையும் விசிறியையும் ஒண்ணா புடிச்சிகினு கீது. எங்கனா இடிச்சா ரப்பர் வழுக்கிக் குடுத்துடும், உள்ள கியர் ஒடையாது. இதுல இருந்த ரப்பர் செத்துப் போச்சு. தோல் ஷெட்டு மிஷினுக்கு ஊத்தற ரப்பரை நானே ஊத்தி வச்சிகிறேன். பாதி வேகத்துக்குத் தாங்கும். முழுசா தள்ளினீங்கன்னா வழுக்கும். இன்ஜின் மட்டும் கத்தும், போட்டு போவாது. நான் எதையும் மறைக்கலண்ணா, முன்னாடியே சொல்லிட்டேன்."

"வேற வழி?"

"பம்பாய் ஏஜெண்டுக்கு எழுதினா புதுசு வரும். ரெண்டு மாசம் ஆவும். என்னைக் கேட்டீங்கன்னா அதான் சரி. அவசரம்னா இத்தப் போட்டுகினு மெதுவா ஓட்டுங்க."

எனக்கு அந்த நேரத்தில் முனீர் பாய் காலில் விழலாம் போல இருந்தது. இரண்டு மாதம் என்றால் ஐப்பசி போய்விடும். பிறகு மழை. தை பிறக்கும் வரை போட்டுக்குக் கரைதான். அதற்குள் இவருக்கு வேறு ஏதாவது பித்துப் பிடித்துவிடும், யாராவது வந்து போட்டை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். நான் மனசுக்குள் போட்டை விற்றே முடித்துவிட்டேன்.

"பம்பாய்க்கே எழுதிடுங்க" என்றேன்.

"மூணு மாசமா கட்டிப் போட்டு வச்சிகிறேன். இன்னும் ரெண்டு மாசமா?" என்று இவர் தலையைச் சொறிந்தார். வீடு வந்து சேரும்வரை அதே பேச்சு. பம்பாய் என்பார், கொஞ்ச நேரம் கழித்து முனீர் என்பார். சாயங்காலம் காபி குடித்துக்கொண்டே சொன்னார்: "இது நம்மளால ஆவாது. பம்பாய்லேந்து வரவழைக்கலாமான்னு பூ கட்டிப் பாத்துடுவோம்."

எங்கள் வீட்டில் பூ கட்டிப் பார்க்காமல் எந்த முடிவும் எடுப்பதில்லை. வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. ஒரே அளவு வாழையிலைத் துண்டில் தனித்தனியாக மடித்து நூல் சுற்றித் திருநீர்மலைக்குக் கொண்டுபோவோம். பட்டர் பெருமாள் திருவடியில் வைத்து எடுத்து வருவார். ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வோம். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்துப் பார்ப்பது குற்றம். அதை அப்படியே குளத்தில் போட்டுவிட வேண்டும். கிணற்றுக்கு இடம் பார்த்தது, பசுமாடு வாங்கியது, என் நாத்தனாருக்கு மாப்பிள்ளை முடித்தது எல்லாம் இப்படித்தான். பூ கட்டுவது வீட்டுப் பெண் வேலை. என் மாமியார் போன பிறகு அந்த வேலை என்னுடையது.

புரட்டாசி முதல் சனிக்கிழமை. குளித்துவிட்டு ஈரத்தலையோடு பூஜை அறையில் உட்கார்ந்தேன். ஒரு நந்தியாவட்டையை மடித்து நூல் சுற்றினேன். அடுத்து செம்பருத்தியை எடுத்தேன். எடுத்த கை அங்கேயே நின்றது. பட்டு பக்கத்து அறையில் பள்ளிக்கூடப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். முகவாயில் தையல் போட்ட வடு இன்னும் சிவப்பாகவே இருந்தது. செம்பருத்தியைக் கூடைக்கு அடியில் தள்ளிவிட்டு இன்னொரு நந்தியாவட்டையை எடுத்தேன். சாமி காரியத்தில் கை வைக்கிறோமே என்ற பயத்தில் முடிச்சு இரண்டு தடவை நழுவியது. பெருமாளே, பெற்றவள் செய்கிறாள் என்று பொறுத்துக்கொள் என்று வாய்விட்டே சொன்னேன். எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் வெள்ளை. எப்படி எடுத்தாலும் பம்பாய்.

மலையில் கூட்டம் நெரிந்தது. பட்டர் பொட்டலங்களைத் திருவடியில் வைத்துவிட்டுத் தட்டோடு வந்தார். இவர் கண்ணை மூடிக்கொண்டு கைகூப்பினார். வேண்டுதலை வீட்டுத் தலைவன்தான் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

"பெருமாளே, ரெண்டு மாசம் காக்க எனக்குப் பொறுமை இல்லை. முனீர் பாய் வச்சிருக்கறதையே போட்டுக்கலாமா? வெள்ளை வந்தா போட்டுக்கறேன்."

கேள்வியை மாற்றிவிட்டார். மலையேறும்போது எந்தப் படியில் அவருக்கு மனசு மாறியதோ தெரியவில்லை, மாற்றிவிட்டார். நிறுத்துங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். என்ன காரணம் சொல்வது? பட்டர் நிற்கிறார், பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், எதிரில் பெருமாள். அதற்குள் பட்டு ஒரு பொட்டலத்தை எடுத்துவிட்டாள். இவர் நூலை அவிழ்த்தார். வெள்ளை.

"பாத்தியா ஜெயக்கொடி!" என்றார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. இன்னொரு பொட்டலத்தை நான் கீழே இறங்கிக் குளத்தில் போட்டேன். அது மூழ்கவில்லை. படித்துறையை விட்டுப் போகாமல் அங்கேயே ஆடிக்கொண்டிருந்தது.

அந்த வாரமே முனீர் பாய் வந்து விசிறியை மாட்டிவிட்டுப் போனார். போகும்போதும் "பாதிதாண்ணா" என்றார். இவர் காதில் அது ஏறவே இல்லை. மழையால் இரண்டு மூன்று ஞாயிறு தள்ளிப் போயின. ஒவ்வொரு மழைக்கும் நான் கற்பூரம் ஏற்றினேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை அவர் எதிரில் போய் உட்கார்ந்தேன். "முனீர் பாய் பயமுறுத்தறாரேங்க" என்று ஆரம்பிப்பேன். "பெருமாளே சொன்னப்புறம் இன்னாடி பயம்?" என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன். சாமியை வைத்து ஏமாற்றியவள் என்று தெரிந்தால் இந்த வீட்டில் எனக்கு என்ன மதிப்பு? அதுவும் ஒரு பயம்தான். பட்டுவின் உயிரை ஒரு தட்டில் வைத்து, என் மானத்தை இன்னொரு தட்டில் வைத்து, வாயை மூடிக்கொண்டிருந்தேன். இதைச் சொல்ல இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி முதல் ஞாயிறு நன்றாக வெயில் அடித்தது. அப்பாவும் மகளும் கிளம்பினார்கள். நானும் வருகிறேன் என்றேன். இவருக்கு ஆச்சரியம். "நீயா? தண்ணியைக் கண்டாலே ஒதறுவியே!" என்றார். பட்டு என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள்.

தோப்பில் துரைராஜ் கயிற்றை அவிழ்த்துக்கொண்டே சொன்னார்: "முந்தாநாள் மழையில மொகத்துவாரம் ஒடச்சிகிச்சு சார். தண்ணி கடலுக்குப் பிச்சிகினு போவுது. பாலத்துக்கு அந்தாண்ட போவாதீங்க."

"போவலபா" என்றார் இவர்.

போட்டில் மிதவைச் சட்டை இரண்டுதான் இருந்தது. ஒன்றைப் பட்டுவுக்கு மாட்டி மூன்று வாரையும் இறுக்கினேன். மூச்சு முட்டுகிறது என்றாள், முட்டட்டும் என்றேன். இன்னொன்றை அவரிடம் நீட்டினேன். நீ போட்டுக்கொள் என்று என் மடியில் போட்டார். கனமாக இருக்கிறதென்று நங்கூரத்தை எப்போதோ இறக்கித் தோப்பிலேயே போட்டிருந்தார். அது தென்னை மரத்தடியில் கிடப்பதைப் போட் நகர்ந்த பிறகுதான் பார்த்தேன்.

முதலில் மேற்கே போனோம். மெதுவாகத்தான் ஓட்டினார். தண்ணீர் கலங்கலாக, அமைதியாக இருந்தது. நாரைகள் பறந்தன. பட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். அரைமணி நேரம் ஒன்றும் ஆகவில்லை. வீணாகப் பயந்தோமோ என்றுகூட நினைத்தேன். பிறகு போட்டைத் திருப்பினார். தோப்பு வந்தது. தோப்பைத் தாண்டினார்.

"எங்க போறீங்க?"

"பாலம் வரைக்கும்தான். சும்மா பாத்துட்டுத் திரும்பிடலாம்."

பாலத்தை நெருங்கும்போதே தண்ணீரின் போக்கு மாறியது எனக்குத் தெரிந்தது. தூண்களைச் சுற்றி நுரை கட்டி ஓடியது. அவர் திருப்புவதற்குள் போட் தானாகவே பாலத்துக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் வந்துவிட்டது. எதிரே மணல்மேடு, நடுவில் பிளந்த வாய், அதற்கு அப்பால் கடல். அலை உடைகிற சத்தம் காதில் விழுந்தது.

"திருப்புங்க! ஏங்க, திருப்புங்க!"

திருப்பினார். போட்டின் மூக்கு பாலத்தைப் பார்த்து நின்றது. கைப்பிடியை முழுசாக முன்னால் தள்ளினார். இன்ஜின் ஊளையிட்டது. அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் நான் கேட்டதில்லை. ஆனால் போட் முன்னால் போகவில்லை. பாலத்தின் தூண் எங்களை விட்டுத் தள்ளித் தள்ளிப் போனது. நாங்கள்தான் பின்னால் போய்க்கொண்டிருந்தோம்.

"பாசி சுத்திகிச்சு" என்று இன்ஜினை நிறுத்தித் தூக்கிப் பார்த்தார். விசிறியில் ஒரு துரும்பு இல்லை. மறுபடி இறக்கினார், மறுபடி முழுசாகத் தள்ளினார். மறுபடி அதே ஊளை.

"முனீர் பாய் பாதின்னாரே! ரப்பர் வழுக்குதுங்க, கொறைங்க!"

"கொறைச்சா இழுத்துகினு பூடும்டி! ஓட்டம் இன்னா வேகத்துல போவுது பாரு!"

"முழுசா தள்ளினாத்தான் வழுக்கும்னு சொன்னாருங்க!"

"முனீர் ஆயிரம் சொல்வான். போட்டுக்கோன்னு சொன்னது பெருமாள். அவரு கைவுட மாட்டாரு. இன்னும் கொஞ்சம், இப்ப புடிச்சிக்கும் பாரு" என்று கைப்பிடியைப் பலகையோடு சேர்த்து அழுத்தினார். "கோவிந்தா, கோவிந்தா" என்று உதடு முணுமுணுத்துக்கொண்டிருந்தது. முகம் வெளுத்திருந்தது. ஆனால் அந்த முகத்தில் சந்தேகம் மட்டும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. கரையில் யாரோ இரண்டு பேர் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்கள். அவர்கள் என்ன கத்தினார்கள் என்று கேட்கவில்லை. பட்டு என் இடுப்பைக் கட்டிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். முதல் அலை பின்பக்கம் மோதி, உப்புத் தண்ணீர் எங்கள் மேல் கொட்டியது.

"பெருமாள் சொல்லலைங்க!" என்று கத்தினேன். "ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளைதான் வச்சேன். பம்பாய்னு வரட்டும்னு வச்சேன். நீங்க கேள்வியை மாத்திட்டீங்க. அது பெருமாள் குடுத்தது இல்ல, நான் குடுத்தது!"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் சொன்னது அவருக்குள் இறங்குவது கண்ணிலேயே தெரிந்தது. கைப்பிடி மேல் இருந்த கை தளர்ந்தது. நான் பாய்ந்து அந்தக் கை மேல் என் கையை வைத்துக் கைப்பிடியைப் பின்னால் இழுத்தேன். பாதிக்கும் கீழே இழுத்தேன். ஊளை நின்றது. இன்ஜின் பழையபடி டுபுடுபுவென்று ஓடியது. அடியில் ஏதோ பிடித்துக்கொண்டதைப் பாதத்தில் உணர்ந்தேன்.

"பாலத்துப் பக்கம் வேணாங்க. கரைக்குக் குறுக்கால வுடுங்க" என்றேன்.

விட்டார். போட் முன்னால் ஓர் அடி போனால் பக்கவாட்டில் இரண்டடி இழுபட்டது. கைப்பிடியைத் தள்ளிவிடச் சொல்லி என் கையே துடித்தது. அலை நெருங்க நெருங்க வேகம் வேண்டும் போல இருக்கும், ஆனால் மெதுவாகப் போனால்தான் உயிர். இரண்டு பேரும் அந்தக் கைப்பிடியை அசையவிடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். தெற்கு மணல்மேடு கண்ணுக்கு எதிரிலேயே நழுவி நழுவிப் போனது. மேடு முடிகிற இடத்துக்கு ஒரு தென்னைமர நீளம் இருக்கும்போது அடியில் சரக்கென்று மணல் தட்டியது. ஓடிவந்த இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கிக் கயிற்றைப் பிடித்தார்கள். வலை வீச வந்தவர்கள். "சாவறதுக்குன்னே வருவீங்களா?" என்று திட்டிக்கொண்டே இழுத்தார்கள். அந்தத் திட்டு எனக்குத் தேனாக இருந்தது.

பட்டுவைத் தூக்கி மணலில் விட்டேன். மிதவைச் சட்டையின் வாரை அவிழ்த்து, தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தேன். அவள் கொஞ்ச நேரம் தேம்பினாள். பிறகு வலைக்காரர்கள் கூடையில் துள்ளிய மடவை மீனைப் பார்க்கப் போய்விட்டாள். குழந்தை அவ்வளவுதான்.

அவர் நனைந்த வேட்டியோடு மணலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் வாங்கிக்கொள்ளலாம் என்றும் நினைத்தேன். அவர் கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"நெலத்துக்கு?"

எனக்குப் புரியவில்லை. "இன்னாங்க?"

"நெலத்தை விக்கலாமான்னு பூ கட்டினோமே. அதுவும் நீதானே கட்டின?"

அவர் பக்கம் திரும்பினேன். "கட்டினது நான்தாங்க. ஆனா ஒண்ணு வெள்ளை, ஒண்ணு செவப்பு. உள்ளபடிதான் கட்டினேன். பட்டு மேல சத்தியம்."

"அந்தச் செவப்பை யாரு பாத்தா?"

யாரும் பார்க்கவில்லை. அதையும் பிரிக்காமல் நானேதான் குளத்தில் போட்டேன். வழக்கம் அது. நான் சொன்னது முழு உண்மை, ஆனால் அதற்கு ஒரு சாட்சிகூட இல்லை. நிலத்தை விற்க வேண்டும் என்று அன்றைக்கு வீட்டில் அதிகமாக ஆசைப்பட்டவளும் நான்தான். சேற்றில் இறங்கி நாற்று நட்டது போதும் என்று அவர் காதுபடவே சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் அவருக்கும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எங்கப்பா எனக்கு வுட்டுட்டுப் போன ஒரே சொத்து" என்றார். கோபமே இல்லாத குரலில் சொன்னார். "பெருமாளே விக்கச் சொன்னாருன்னு நெனச்சிதான் இத்தினி நாளா ராத்திரி தூங்கறேன். இனிமே நான் இன்னா நெனச்சி தூங்கறது, ஜெயா?"

"சத்தியமா அது நான் இல்லைங்க" என்றேன். திரும்பத் திரும்ப அதையே சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பொய் சொல்கிற குழந்தையைப் பார்த்து, சரி போகட்டும் என்று ஆட்டுவோமே, அப்படி ஆட்டினார்.

தண்ணீரில் இருந்தபோது நான் பட்ட பயமெல்லாம் ஒன்றுமே இல்லை. அதற்கு ஒரு கரை இருந்தது.

அவர் எழுந்து வேட்டியைப் பிழிந்து கட்டிக்கொண்டார். பட்டுவைக் கூப்பிட்டு அவள் கையை மட்டும் பிடித்துக்கொண்டு, மணலில் தோப்பை நோக்கி நடந்தார்.